முதல் தண்ணீரில் ஒழுகிய டென்ட்

1998 மே மாதம் நடந்தது இது. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் குடியிருந்தேன். பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை. அங்கே ஊழியர்களுக்கென்று ஒரு மன்றம் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை காவிரிக் கரையில் டென்ட் போட்டுத் தங்க எங்களை அழைத்துப் போவார்கள். ஆண்கள் மீன் பிடிப்பார்கள், சீட்டாடுவார்கள். பெண்கள் எட்டுப் பேரும் சமைத்துப் போட்டு, பாத்திரம் தேய்த்து வைப்போம். அதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாமே!

முந்தைய வருடம் எங்களுக்குத் தந்தவை சின்னச் சின்ன நைலான் டென்ட்கள். உள்ளே நிமிர முடியாது. உட்கார்ந்த வாக்கில் புடவை கட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் புரியும். மழைக்காற்று ஒன்று அடித்ததும் எல்லாம் சுருண்டு எங்கள் மேலேயே விழுந்தன. அலுவலகமே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. இனிமேல் லேடீஸ் வேண்டாம், தொல்லை என்று மன்றச் செயலாளர் முடிவு கட்டிவிட்டார். விழுந்தது அவர் வாங்கிய டென்ட். பழி மட்டும் எங்கள் தலையில்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நாங்கள் தனியாகவே போகிறோம், கம்பெனி வேனை மட்டும் கொடுங்கள் என்று மேனேஜரிடம் போய் நின்றேன். அவர் செயலாளரைக் கை காட்டினார். செயலாளர் அல்சூரில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழர். கேலி பேசுவதில் மன்னன்.

"ஒழுகாத டென்ட் ஒண்ணு கொண்டாந்து நம்ம கிரவுண்ட்ல நட்டுக் காட்டும்மா. நானே உள்ள ஒக்காந்து பாக்கறேன். மேல ஒரு சொட்டு விழலன்னா வேனுக்குக் கையெழுத்து. விழுந்துச்சுன்னா அப்பறம் டூர் பேச்சையே எடுக்கக் கூடாது."

சரி என்று சொல்லிவிட்டேன். எட்டுப் பேரும் பணம் போட்டோம்.

தார்ப்பாய் விற்கிற ஒரு கடைக்கு ஜோகுபாளையத்துத் தோழியையும் கூட்டிக்கொண்டு போனேன். புடவைக் கடையில் அலமாரியையே இறக்க வைக்கிற ஆள் அவள். கடைக்காரர் பளபளவென்று ஒரு நீல நைலான் டென்ட்டை விரித்தார். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், தையலை விரித்து இழுத்தாள், ஜிப்பை ஏற்றி இறக்கினாள். தையல் ஓரமெல்லாம் ஊசித் துளையாக வெளிச்சம் தெரிந்தது. உதட்டைப் பிதுக்கிவிட்டு, மூலையில் மடித்துக் கிடந்த காக்கி கான்வாஸைக் காட்டினாள்.

கெட்டித் துணி. இரட்டைத் தையல். கயிறு கோக்கிற இடமெல்லாம் பித்தளை வளையம். இரும்புக் கம்பம். எட்டுப் பேரும் வரிசையாகப் படுக்கலாம். முக்கியமாக, நின்றுகொண்டு புடவை கட்டலாம்!

"அது சும்னே, சும்மா பாரம் மேடம். கூட ஜென்ட்ஸ் வராங்களா?" என்றார் கடைக்காரர்.

"தெனம் தண்ணி லாரிக்குப் பின்னாடி ஓடி கொடம் தூக்கறது யாருங்க, ஜென்ட்ஸா?" என்றாள் தோழி. அவர் கான்வாஸை மடித்துக் கட்டிக் கொடுத்தார். ஆனால் நனைத்தால் திருப்பி எடுக்க மாட்டேன் என்று மட்டும் கறாராகச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் கிரவுண்டில் டென்ட்டை நட்டோம். வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே கூடியது. செயலாளர் நாற்காலி போட்டு உள்ளே உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தார். தோட்டத்துக் குழாயைக் கூரை மேல் பிடித்தோம். கொஞ்ச நேரம்தான். நனைந்த செய்தித்தாளும் சட்டையுமாக அவர் வெளியே வந்தார்.

"அய்யோ ராமா! இது டென்ட் இல்லம்மா, சல்லடை!"

சிரிப்பு அடங்கவே இல்லை. எங்கள் கூட்டத்தில் இருந்த கன்னடத்துப் பெண் கண் கலங்கிவிட்டாள். போதும், விட்டுவிடலாம் என்று என் கையைப் பிடித்தாள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. போட்ட பணமும் போச்சு, டூரும் போச்சு என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் கவனித்தேன். கட்டும்போது தொளதொளவென்று இருந்த கயிறு இப்போது விறைத்து, முளைக்குச்சியையே சாய்த்திருந்தது. நைலான் கயிறு தானாக எப்படி இறுகும்? துணி சுருங்கியிருக்கிறது!

ஜாக்கெட் தைக்கக் கொடுப்பதற்கு முன்னால் லைனிங் துணியை ஊற வைத்துக் காயப்போடாத பெண் நம்மூரில் உண்டா? புது நூல் துணி நனைந்தால் சுருங்கும், இழையோடு இழை நெருங்கும். இதுவும் நூல் துணிதானே? நெருங்கினால் துளை அடைபடாதா?

"சார், திங்கக்கிழம மறுபடியும் உள்ள ஒக்காருங்க. புதுத் துணி, இன்னிக்குத்தான் மொதல் நனைப்பு. லைனிங் துணிக்கும் இதே கததான்."

"ஜாக்கெட்டுக்கும் டென்ட்டுக்கும் முடிச்சுப் போடறியேம்மா!" என்று மறுபடி சிரித்தார். ஆனாலும் தலையாட்டினார். இன்னொரு முறை சிரிக்கலாம் என்கிற ஆசைதான், வேறென்ன?

எனக்கே முழு நம்பிக்கை இல்லை என்பதுதான் உண்மை. ஞாயிறு காலையில் பக்கெட்டோடு கிளம்பினேன். "எல்லாரும் எண்ணெ தேச்சுக் குளிப்பாங்க, நீ டென்ட்டக் குளிப்பாட்டப் போறியா?" என்றார் கணவர். நானும் ஜோகுபாளையத்துத் தோழியும் ஒரு மூலை விடாமல் அதை ஊற வைத்தோம். சாயங்காலம்வரை மே மாத வெயில் காய்ச்சி எடுத்தது.

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் முந்தையதைவிடப் பெரிய கூட்டம். செயலாளர் புதுச் செய்தித்தாளோடு உள்ளே போனார். குழாயைத் திறந்தோம். அது போதாதென்று பக்கெட் பக்கெட்டாகவும் ஊற்றினோம். கூரையில் விழுந்த தண்ணீர் சரிந்து ஓடி எங்கள் கால்களைத்தான் நனைத்தது. உள்ளேயிருந்து சத்தமே இல்லை.

கடைசியில் அவர் வெளியே வந்தார். செய்தித்தாள் மொறுமொறுவென்று இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"சரிம்மா, ஒழுகல. இத வேன் வரைக்கும் யாரு தூக்கறது?" என்று கேட்டுப் பார்த்தார்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கம்பம் ஒரு பக்கம், ஈரத் துணி ஒரு பக்கம் என்று எட்டுப் பேரும் தூக்கிக்கொண்டு அவர் முன்னாலேயே நடந்தோம். அன்று மாலையே கையெழுத்து வந்தது.

அடுத்த மாதம் காவிரிக் கரையில் கொட்டின மழையில் நாங்கள் எட்டுப் பேரும் டென்ட்டுக்குள் காலை நீட்டி உட்கார்ந்து, அரிசிமாவு முறுக்கு தின்றுகொண்டு அந்தாக்ஷரி பாடினோம். திரும்பி வந்ததும், ஆண்கள் டூருக்கு அந்த டென்ட் கிடைக்குமா என்று செயலாளர் கேட்டார். தாராளமாக எடுத்துப் போங்கள், திருப்பித் தரும்போது பாத்திரங்களையும் நீங்களே தேய்த்துக் கொண்டு வாருங்கள் என்றேன். சிரித்துவிட்டு, தேய்த்துத்தான் கொண்டு வந்தார்.

ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு இவளால் முடியாது என்று யாராவது ஒரு பெண்ணை ஒதுக்கினால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முதல் நனைப்பில் ஒழுகியதற்காக டென்ட்டைச் சல்லடை என்றவர்கள், ஒரு காற்றில் டென்ட் விழுந்ததற்காக எங்களையும்தானே தொல்லை என்றார்கள்!