இரண்டாவது பிரேக்

“பைபிள்ல வர்ற விசுவாசத்தின் தகப்பன், கடவுள் கேட்டார்னு பெத்த பிள்ளையைப் பலிகொடுக்க மூணு நாள் பயணம் போனாராம். எதுக்கு மூணு நாள்? நானா இருந்தா ஒரே மத்தியானத்துல போய்ச் சேர்ந்திருப்பேன். அதுவும் டாப் கியர்ல!”

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற நம் அண்ணன் சாட்சி சொல்ல எழுந்து, மைக்கை வாயோடு ஒட்டவைத்துச் சபை நடுவே இப்படி முழங்கியபோது, ஸ்பீக்கரே தாங்கமாட்டாமல் கீச்சிட்டது. அவர் அசரவில்லை. “என் நெஞ்சுல முன் சீட்டு கர்த்தருக்கு. பொண்டாட்டி பிள்ளை எல்லாம் பின் சீட்டு. எனக்கு இருக்கறது ஒரே மக. ஆண்டவரே, வேணும்னா எடுத்துக்கும்!” என்று முடித்தார். ஆமென் கூரையைத் தூக்கியது. பின் சீட்டுக்காரிகள் இருவரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பக்தியில் உருகுகிறார்கள் என்று சபை நினைத்துக்கொண்டது.

கடவுளுக்கு அவர் கொடுத்த முதலிடம் சாமானியமானதல்ல. ஆண்டவர் நேரில் வந்து உட்கார முடியாது என்பதால், அவர் சார்பில் முதல் பெஞ்சு, முதல் மைக், சபை விருந்தில் முதல் பந்தி எல்லாவற்றையும் அண்ணனே சிரமம் பாராமல் ஏற்றுக்கொண்டார். வீட்டில் மனைவி காய்ச்சலில் படுத்து, பாத்திரம் மலையாகக் குவிந்த சாயங்காலங்களில்தான் அவருக்கு ஜெபக்கூட்டத்தின் மீது தாகம் பொங்கும். “கர்த்தருக்குத்தான் முதலிடம்” என்று சொல்லிச் செருப்பை மாட்டிவிடுவார்.

அவருடைய பயிற்சிக் காரின் பின் கண்ணாடியில், ‘இந்த வண்டியை ஓட்டுபவர் கர்த்தர்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். அதற்குக் கீழேயே, ‘பழகுபவர் ஓட்டுகிறார், விலகிச் செல்லவும்.’ இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் உண்மையாகவே விலகிப் போனார்கள்.

அந்தக் காரில் ஓட்டுபவருக்கு ஒரு பிரேக், பக்கத்துச் சீட்டில் வாத்தியார் காலடியில் இன்னொரு பிரேக். “பயப்படாதீங்க, வண்டி முழுக்க உங்க கையில” என்று தேனாகப் பேசியபடியே அண்ணன் தன் காலை இரண்டாவது பிரேக்கின் மேல் ஊன்றியிருப்பார். அவரிடம் பழகி லைசென்ஸ் வாங்கிய பலர், சொந்தக் காரில் சுவரை நெருங்கும்போதுதான், தாங்கள் ஒருநாளும் பிரேக்கே போட்டதில்லை என்று தெரிந்துகொண்டார்கள்.

இந்நிலையில் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், நர்ஸ் படித்திருந்த மகள் சொன்னாள்: “அப்பா, மலைமேல இருக்கற மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போறேன். அஞ்சு வருஷ ஊழியம்.”

அண்ணனுக்குக் கையில் எடுத்த கவளம் கையிலேயே நின்றது. “இது தேவ சித்தமான்னு முதல்ல ஜெபிச்சுப் பாக்கணும்மா.”

“நீங்கதானேப்பா மைக்ல சொன்னீங்க, எடுத்துக்கும்னு?”

“அது சாட்சிம்மா! சாட்சின்னா நாலு வார்த்தை கூடக்குறையத்தான் இருக்கும். உடனே எடுத்துக்கறதா?”

“அவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது போல” என்றாள் மனைவி, குழம்பை ஊற்றியபடி. “உங்களுக்குத்தான் நான் கூப்பிட்டா கேக்கறதில்ல.”

அண்ணன் போதகரிடம் ஓடினார். எப்படியாவது மகளைத் தடுத்து நாலு வார்த்தை சொல்லச்சொல்ல வேண்டும். போதகரோ அவரைக் கட்டிப்பிடித்து, “உங்க சாட்சியை வச்சுத்தான் ஞாயித்துக்கிழமை பிரசங்கமே!” என்று கண்கலங்கினார். அந்த ஞாயிறு சபையே எழுந்து கைதட்டியது. வாழ்க்கையில் முதன்முறையாக அண்ணன் கடைசிப் பெஞ்சில் இடம் தேடினார்.

புறப்படும் நாள் வந்தது. ரயிலைப் பிடித்தால்தான் மறுநாள் காலை வேலையில் சேர முடியும். தவறினால் அந்த இடம் காத்திருக்கும் வேறொருத்திக்குப் போய்விடும். இதை மகள் மூன்று தடவை சொல்லிவிட்டாள். மனைவி வாசலிலேயே முத்தம் கொடுத்து, “போயிட்டு வாடி ராசாத்தி” என்று அழுது அனுப்பிவிட்டாள். அவள் எந்தக் காலத்திலும் சாட்சி சொன்னதில்லை.

“கடைசியா ஒருதடவை நீயே ஓட்டும்மா” என்றார் அண்ணன். பக்கத்துச் சீட்டில் அமர்ந்து கண்ணை மூடி, “ஆண்டவரே, நீரே வழிநடத்தும்” என்று உருக்கமாக ஜெபித்தார்.

வண்டி ஊர்ந்தது. சைக்கிள்கள் தாண்டிப் போயின. காய்கறி வண்டி தள்ளுகிறவர் எட்டிப் பார்த்து, “வண்டில ஏதும் கோளாறா சார்?” என்று கேட்டு முன்னே போனார்.

கடைசி சிக்னல். எதிரே ரயில் நிலையக் கடிகாரம், ரயிலுக்கு ஐந்தே நிமிடம் என்றது. பச்சை விழுந்தது. வண்டி உறுமியது, நகரவில்லை.

“அப்பா, காலை எடுங்க.”

“எந்தக் காலு?”

மகள் குனிந்து பார்த்தாள். அந்தக் காரில் ஓட்டப் பழகியவள் அவள். அவளிடமே அந்த இரண்டாவது பிரேக் வித்தை செல்லுமா?

“எனக்கும் உங்கமேல பாசம்தாம்பா” என்றாள் மெதுவாக. “ஆனா ஆண்டவர்மேல கொஞ்சம் அதிகம். நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே?”

பின்னால் ஹாரன்கள் அலறின. அண்ணன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் ஜெபத்தில் அசைந்தன. கால் அசையவில்லை. சிக்னல் மெல்லச் சிவப்புக்கு மாறியது.