ஏணை ஸ்பிரிங் பெர்த் போன கதை

ஸ்பிரிங் இல்லாத நாட்டில் குழந்தை தூங்காது என்று நான் முழு மனதோடு நம்பினேன். எஸ்.பி.எம். பரீட்சை தேறியவன், தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக டிராக்டர் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிறவன். ஆனாலும் நம்பினேன்.

அதற்குக் காரணம் இருந்தது. மலேசியாவில், லாபுப் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்து வீட்டு உத்தரத்தில் இரண்டு கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு பெரிய ஸ்பிரிங், அதன் கீழே பூப்போட்ட பாத்தேக் கைலியைக் கட்டிய ஏணை. நாற்பதைத் தாண்டிய பிறகு எனக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். முதலில் மகள், அவளைத் துரத்திக்கொண்டே மகன். இரண்டு வயது முடிந்தும் இருவரும் ஏணையை விடவில்லை. தினமும் சாப்பாடு முடிந்ததும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இடக்கையில் ஒரு கயிறு, வலக்கையில் ஒரு கயிறு என்று இழுத்துவிடுவேன். வேறு யாரையும் கயிற்றைத் தொட விட்டதில்லை. வேலையில் எனக்குக் கிடைக்காத மானேஜர் பதவியை அந்த நாற்காலியில்தான் அனுபவித்தேன்.

என் மனைவி மம்பாவ் பக்கம் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. படம் காட்டிப் பிராணிகளின் பெயர் சொல்லித் தருவாள். ஒருமுறை ஒரு வாண்டு எழுந்து நின்று, "டீச்சர், நீங்க திமிங்கலத்த பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டது. இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவள் பல நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆடு, மாடு, கொரங்கெல்லாம் பாத்துட்டு சொல்றேங்க. திமிங்கலத்துக்கு மட்டும் பொய் சொல்ற மாதிரி இருக்கு."

ஆஸ்திரேலியாவில் பெர்த் கடல் வழியாகத் திமிங்கலங்கள் போகும் பருவம் ஒன்று உண்டென்றும், படகில் போனால் பார்க்கலாமென்றும் அவளே தேடிக் கண்டுபிடித்தாள். டிக்கெட், தங்குகிற வீடு, படகு எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டு, அதன் பிறகே என்னிடம் சொன்னாள்.

"பெர்த்தா? பிள்ளைங்க?"

"பிள்ளைங்களும்தான்."

"எப்படி தூங்கும்?"

"அங்கயும் இருட்டும் லா. தூங்கிடும்."

ஆனால் அவளுக்கும் உள்ளுக்குள் ஓர் உதறல் இருந்தது. "ஒன்னு மட்டும் இப்பவே சொல்லிடறேன். எறங்குன மறுநாள் காலையிலயே திமிங்கலம் பாக்க போட்டு ஏறணும். இதுங்க ராத்திரி தூங்கலன்னா நான் ஏற மாட்டேன். சிணுங்கற ரெண்டையும் தூக்கிக்கிட்டு, போட்டுல உள்ளவங்க மொறைக்கிறத பாத்துக்கிட்டு என்னால நிக்க முடியாது. நீங்க போய் பாத்துட்டு வாங்க."

நான் போய்ப் பார்த்து என்ன ஆகப்போகிறது? எனக்கும் திமிங்கலத்துக்கும் ஒரு வழக்கும் இல்லை. பார்க்க வேண்டியவள் அவள். அவளுடைய திமிங்கலம் என் கையிலுள்ள இரண்டு கயிறுகளில் தொங்குகிறது என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். ஸ்பிரிங்குகளும் விமானம் ஏறும். இதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

விமான நிலையம் எங்களுக்குப் பக்கம்தான். செம்பனை மரங்களுக்கு மேலே சக்கரத்தை இறக்கிக்கொண்டு வரும் விமானங்களுக்குப் பிள்ளைகள் தினமும் கை காட்டுவார்கள். நானும் கை காட்டித்தான் பழக்கம். ஏறிப் பழக்கமில்லை. அதனால் ஏற்பாடுகளைக் கொஞ்சம் பலமாகவே செய்தேன். வெளிநாடு போனால் நேரம் மாறும், பிள்ளைகளின் தூக்கம் கெடும் என்று ஒர்க்‌ஷாப்பில் எவனோ சொன்னதைக் கேட்டு, ஒரு வாரமாக அவர்களுக்கு இரவுச் சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில் பள்ளி விட்டு வீட்டுக்குள் நுழைந்தவள், பட்டப்பகலில் இரண்டுக்கும் ரசஞ்சோறு ஊட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள்.

"என்னாங்க இது?"

"நேரத்துக்குப் பழக்கறேன்."

"பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரங்க."

பிசைந்த சோற்றை வீணாக்க முடியாதல்லவா, மீதியை நான் சாப்பிட்டேன்.

ஸ்பிரிங்குகளைச் சோதிக்காமல் கொண்டுபோகக் கூடாது என்று ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போனேன். பிள்ளையின் எடைக்கு மேலேயே இருக்கட்டும் என்று ஒரு செம்பனைக் குலையைக் கோணியில் கட்டித் தொங்கவிட்டு, கயிற்றை இழுத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மண்டோர் உள்ளே வந்தார். குலை வெட்டுகிறவர்களை மேய்க்கிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வாயில் அதைவிட மூத்தவர்.

"என்னா தம்பி, குலைக்குத் தாலாட்டா?"

"பெர்த்துக்கு கொண்டு போறேண்ணே. அங்க ஸ்பிரிங் கெடைக்காது."

"அப்ப வெள்ளக்காரன் பிள்ளைங்கள்லாம் எப்படி தூங்குதாம்?"

"அதுங்க தூங்கறதா நெனச்சிக்கிட்டு இருக்குதுங்கண்ணே. பாவம்."

மண்டோர் கொஞ்ச நேரம் என்னையும் குலையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒம்பொண்டாட்டிக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "அப்ப நல்லா கிரீஸ் போடு. சத்தம் வராம இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கிண்டலாகச் சொன்னார். நான் நிஜமாகவே கிரீஸ் போட்டேன்.

பெட்டி தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் ஸ்பிரிங்குகளைக் கைப்பையில், டயப்பர்களுக்கு நடுவே புதைத்திருந்தேன். விமான நிலையத்தில் பையைக் கருவிக்குள் அனுப்பியதும் பட்டை நின்றது. காவலுக்கிருந்த மலாய்க்காரப் பெண் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். மனைவியும் என்னைப் பார்த்தாள். நாளைக்குப் பத்திரிகையில் என் படம் வரப்போகிறது, அதுவும் இந்தச் சட்டையோடு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் டயப்பர்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, ஸ்பிரிங்கை வெளியே உருவித் தூக்கிப் பிடித்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "புவாயான்," என்று பக்கத்திலிருந்தவரிடம் காட்டினாள். மலாயில் அதுவும் ஏணைதான். தன் பிள்ளையும் அதில்தான் தூங்குகிறது என்றாள். ஆனால் கையில் கொண்டுபோக முடியாது, பெட்டியோடுதான் அனுப்ப வேண்டும் என்று திருப்பி அனுப்பினாள். ஸ்பிரிங்குகளை ஏந்திக்கொண்டு கவுண்டருக்கு ஓடினேன். போகும் வழியெல்லாம் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

விமானம் மேலே எழும்பியபோதுதான், மகனின் காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டே மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"உத்தரத்தையும் கழட்டிக் கொண்டாந்திருக்கலாம் லா?"

வழி நெடுக இரண்டும் கண்ணை மூடவில்லை. மகள் முன்சீட்டுக்காரரின் வழுக்கையைத் தடவிக் கொடுத்தாள். மகன் ஜன்னல் மூடியை இறக்கி ஏற்றியே கடலைக் கடந்தான். எனக்கு உள்ளூர ஒரே பெருமை. பார்த்தாயா, ஸ்பிரிங் இல்லை, தூக்கமில்லை என்று ஜாடை காட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பெர்த்தில் இறங்கியதும் சோதனை அதிகாரி ஸ்பிரிங்கில் மண் ஒட்டியிருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பார்த்தார். கிரீஸ்தான் இருந்தது. இது எதற்கு என்று கேட்டார். என் ஆங்கிலம் பாதி வழியில் நின்றுபோனதால், கைகளால் கயிறிழுத்து, கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் காட்டினேன். அவர் கைகுலுக்கி அனுப்பிவைத்தார். இத்தனை தடைகளைத் தாண்டி இரண்டு ஸ்பிரிங்குகளைக் கடல் கடத்தியவன் எங்கள் தோட்டத்தில் நான் ஒருவன்தான். அந்தப் பெருமையை யாரும் பறிக்க முடியாது.

வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம். மனைவி சோறு ஆக்கப் போனாள். நான் அண்ணாந்து பார்த்தேன். உத்தரமே இல்லை. வழவழவென்று வெள்ளைப் பலகைக் கூரை. துடைப்பக் கட்டையால் தட்டிப் பார்த்தேன். உள்ளே காலி. திரைச்சீலைக் கம்பியைச் சும்மா இழுத்துப் பார்த்தேன். கையோடு வந்தது. திரும்ப மாட்டினேன். எனக்குள் திமிங்கலம் மெல்ல மூழ்க ஆரம்பித்தது.

கொல்லைக் கதவைத் திறந்தேன். அங்கே நின்றது.

புல்வெளி நடுவில் ஓர் இரும்புத் தூண். அதன் தலையில் விரித்த குடை மாதிரி நான்கு இரும்புக் கைகள், அவற்றுக்கிடையே துணி காயவைக்கும் கம்பிகள். அசைத்துப் பார்த்தேன், உறுதி. எனக்காகவே எவனோ நட்டுவைத்துவிட்டுப் போயிருக்கிறான். எதிரெதிர்க் கைகளில் ஸ்பிரிங்கை மாட்டி, கைலிகளைக் கட்டி, எடை சமமாக இருக்க வேண்டும் என்று இரண்டு பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் உள்ளே இறக்கினேன். ஃபிட்டர் மூளை.

கயிற்றைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தேன். ஏணை ஆடவில்லை. குடை சுற்ற ஆரம்பித்தது.

மகள் என்னைக் கடந்து போனாள். பின்னாலேயே மகன் வந்தான். திரும்ப மகள். நிறுத்தப் போன என்னைப் பார்த்து இரண்டும் "லாகி, லாகி" என்று கத்தின. இன்னும் வேண்டும் என்பதற்கு நர்சரியில் படித்த மலாய்.

வேலிக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர், கையில் தண்ணீர்க் குழாய். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார்.

"ஸ்லீப்பிங்," என்றேன்.

இரண்டும் அடிவயிற்றிலிருந்து சிரித்துக்கொண்டு எங்கள் நடுவே போயின. கிழவர் மரியாதையாகத் தலையாட்டினார். சின்ன வயதில் தானும் இதில் தொங்கிச் சுற்றி, இரும்புக் கையை வளைத்து, அப்பாவிடம் அடி வாங்கியதாகச் சொன்னார். கைப்பிடி ஒன்று இருக்கிறது, சுற்றினால் உயரத்தைக் கூட்டலாம் குறைக்கலாம் என்றும் சொன்னார். குறைப்பதற்குத்தான் சொல்லியிருப்பார். ஆனால் ஒரு ஃபிட்டரிடம் கைப்பிடி இருக்கிறது என்று சொல்லலாமா? சுற்றினேன். பல்சக்கரம் கடகடவென்று பிடித்தது. அருமையான வேலைப்பாடு. ரசித்துக்கொண்டே இன்னும் சுற்றினேன்.

சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு மனைவி வந்தாள். கையில் கரண்டி. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் பெர்த் வானத்தில் சுற்றிக்கொண்டே மெல்ல உயர்ந்துகொண்டிருந்தார்கள்.

"எறக்குங்க," என்றாள். அவ்வளவுதான். கிழவர் தண்ணீர்க் குழாயோடு வேலிக்குக் கீழே போய்விட்டார்.

இறக்கினேன். ஆளுக்கொரு இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் உள்ளே போனாள். நான் ஸ்பிரிங்குகளைக் கழற்றி, கிரீஸைத் துடைத்து, தூண் ஏதாவது வளைந்திருக்கிறதா என்று நாலு பக்கமும் சுற்றிப் பார்த்து, உள்ளே போகப் பயந்து இன்னொரு தரம் துடைத்தேன். இரவெல்லாம் இரண்டும் அலறப்போகின்றன, காலையில் அவள் என்னிடம் படகு டிக்கெட்டை நீட்டி நீங்க போங்க என்று சொல்லப்போகிறாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன்.

கடைசியில் கதவைத் தள்ளினேன். வீட்டில் ஒரு சத்தமில்லை. எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. இந்தப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் சத்தமில்லை என்றால் எதையோ விழுங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கூடத்துக் கம்பளத்தில் போர்வையை விரித்து மனைவி மல்லாந்து படுத்திருந்தாள். வலப்பக்கம் மகள், வாய் திறந்திருந்தது. இடப்பக்கம் மகன், அவள் வயிற்றின் மேல் காலைத் தூக்கிப் போட்டிருந்தான். கன்னத்தில் சோற்றுப் பருக்கை. மூன்று பேரும் நல்ல தூக்கம். அவர்களை யாரும் ஆட்டவில்லை.

மறுநாள் காலை நான்கு பேரும் படகேறினோம். பிள்ளைகள் அழவில்லை. வாந்தி எடுத்தது நான் மட்டும்தான். கரை கண்ணுக்கு மறைந்த பிறகு திமிங்கலம் ஒன்று முதுகைக் காட்டியது. சற்று நேரம் கழித்து வாலைத் தூக்கி அடித்தது. என் மனைவி முதுகு, வால் இரண்டையும் பார்த்தாள்.