காளைக்குக் கொடுக்காத வடை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தை மாதத்தில், எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த ஜல்லிக்கட்டில்தான் இது ஆரம்பித்தது. தை பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் வாடிவாசல்தான். அன்றைக்கு எங்கள் காளையும் போயிருந்தது. நானும் போயிருந்தேன்.

எங்கள் வீட்டுக்காரர் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். நான் வீட்டில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். எங்கள் காளை கருப்பு, அதனால் அதற்குக் காரி என்று பெயர். வீட்டில் நான் கழுத்தைச் சொறிந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். கயிறு இல்லாமல் வெளியே விட்டுவிட்டால் கதை வேறு. இவரைத் தவிர வேறு யாரும் பக்கத்தில் போக முடியாது. இவர் கூடப் பிறந்த தம்பியையே ஒரு தடவை வேலிக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டிருக்கிறது.

ஜல்லிக்கட்டு தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். காளை வாடிவாசலைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் சொந்தக்காரருக்கு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மூக்கணாங்கயிற்றை எடுத்துவிட்டுத்தான் காளையை அவிழ்ப்பார்கள். கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடிவரும் அதைத் திடலின் மறுகோடியில் நின்று, கூடவே ஓடி, கொம்பில் கயிறு போட்டுப் பிடிக்கவேண்டும். விட்டால் காடு, ரோடு, கிணறு என்று எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. வாடிவாசலில் என் கொழுந்தன் அவிழ்த்துவிடுவார், மறுகோடியில் இவர் பிடிப்பார். அதுதான் எங்கள் வீட்டு ஏற்பாடு.

அன்றைக்குக் காரி யார் கையிலும் சிக்கவில்லை. மைக்கில் “மாடு வெற்றி” என்று சொன்னதும் காளையை ஏற்றி வந்த வண்டி மேல் நின்றிருந்த நான் கைதட்டினேன். காரி புழுதி பறக்க வந்தது. இவர் கயிற்றோடு பின்னால் ஓடினார். கொஞ்ச தூரம்தான். கால் பின்னிக்கொண்டது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். காளை திரும்பிப் பார்க்காமல் தைலமரக் காட்டுக்குள் போய்விட்டது.

நான் இறங்கி ஓடுவதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. உதடு வெளுத்துவிட்டது. கண் இருட்டுகிறது என்றார். கூட்டத்தில் ஒருவர், “மாடு புடிபடல, மாட்டுக்காரருதான் புடிபட்டுட்டாரு” என்றார். ரெண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. என் புருஷன் மண்ணில் கிடக்கிறார், அவர்களுக்குக் கேலி.

புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். நல்லவேளை, மாரடைப்பு இல்லை. ஆனால் சர்க்கரை கண்டபடி ஏறியிருந்தது, பிரஷர் அதற்கு மேல், ஈரலில் கொழுப்பு வேறு. கடைசியாக எப்போது டெஸ்ட் எடுத்தீர்கள் என்று அந்த டாக்டரம்மா கேட்டதற்கு இவர், “எனக்கு என்னங்க டாக்டர், ஒரு காய்ச்சல் தலவலின்னு படுத்ததில்ல” என்றார். நாற்பதைத் தாண்டி இரண்டு மூன்று வருடம் ஆகியும் ஒருமுறைகூட ரத்தம் பார்த்ததில்லை என்பதை ஏதோ பரிசு வாங்கியது போலச் சொன்னார்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. “இந்தத் தடவை உக்காந்தீங்க, எந்திரிச்சுட்டீங்க. இப்படியே இருந்தா அடுத்த தடவை எந்திரிப்பீங்களான்னு என்னால சொல்ல முடியாது” என்றார்.

சாயங்காலம் காரியை எப்படியோ கண்டுபிடித்து, காட்டு விளிம்பில் இருந்த ஒரு கொட்டகைக்குள் மடக்கி வைத்திருந்தார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த கையோடு இவர் போய்த்தான் கயிறு போட்டார். அதற்குள் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே பேச்சு. மாடுதான் அவரைச் சாகடிக்கப் பார்க்கிறது, வித்துவிடுங்கள் என்றார்கள். கொழுந்தனும், “மதினி, நீங்க சொன்னாத்தான் அண்ணன் கேக்கும். வித்துருவோம்” என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. மாடா அவரைப் படுக்க வைத்தது? அந்த மாட்டுக்கு அவர் செய்வதைப் பாருங்கள். விடிந்ததும் நடை. வாரத்தில் சில நாள் கண்மாயில் நீச்சல். ஊறவைத்த பருத்திக்கொட்டை, உளுந்து, பேரீச்சம்பழம், நாட்டுக்கோழி முட்டை என்று எல்லாம் வேளை தவறாமல். சோறும் கஞ்சியும் காட்டவே மாட்டார், வயிறு போட்டுவிடுமாம், ஓட்டம் குறையுமாம். இருட்டினால் அது படுக்கும் இடத்தில் லைட் போடக்கூடாது, தூக்கம் கெடுமாம்.

இவ்வளவும் செய்கிற மனிதர் எப்படி இருந்தார்? காலையில் சாப்பிடாமல் கடைக்கு ஓடுவார். பகல் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்தபடி சர்க்கரை தூக்கலாக டீ. ராத்திரி கடையை மூடிவிட்டு பரோட்டாவும் சால்னாவும். சனிக்கிழமை நண்பர்களோடு பாட்டில். வீட்டுக்கு வந்து செல்போனைப் பார்த்துக்கொண்டே படுத்துவிடுவார். காளையை நடத்திக் கூட்டிப்போவதற்குக்கூட மாதக் கூலிக்கு ஓர் ஆள் வைத்திருந்தார். வருடா வருடம் அவர் பேண்ட் இடுப்பைப் பிரித்து விட்டுக் கொடுத்தவள் நான். அந்த வருடம் பிரிப்பதற்குத் துணியே இல்லை. ஊருக்கு உபதேசம் என்பார்கள், இவர் மாட்டுக்கு உபதேசம்.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்றைக்கே சொல்லிவிட்டேன். “இங்க பாருங்க. மாட்டை இப்ப விக்கச் சொல்லல. அடுத்த தைக்கு நீங்களே ஓடிப்போய் அதைப் புடிக்கணும். புடிச்சீங்கன்னா மாடு நம்ம வீட்டுல இருக்கும். முடியலைன்னா, நானே ஆளைக் கூட்டியாந்து வித்துருவேன்.”

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் விளையாடவில்லை என்று தெரிந்தது. “சரி” என்றார், அவ்வளவுதான். காரியை விற்பது என்பது அவருக்கு விரலை வெட்டிக் கொடுப்பதற்குச் சமம்.

கூலி ஆளை நிறுத்தினோம். காலையில் காரியை அவரே நடத்திக்கொண்டு போகவேண்டும் என்பது சட்டம். வீட்டுச் சாப்பாட்டையும் மாற்றினேன். மாத்திரையை வேளைக்குக் கையில் கொடுத்தேன். மாசி போனது, பங்குனி போனது, சித்திரையும் போனது. மனிதர் விடியலில் கிளம்பி வியர்வையோடுதான் திரும்பினார். ஆனால் டேப்பை வைத்து இடுப்பை அளந்தால் அப்படியே இருக்கிறது. மறுபடி எடுத்த டெஸ்டிலும் சர்க்கரை பெரிதாக இறங்கவில்லை. “என் ஒடம்பு வாகே அப்படி” என்றார். நானும் கிட்டத்தட்ட நம்பிவிட்டேன். ராத்திரி தனியாக உட்கார்ந்து அழுதிருக்கிறேன். இவ்வளவு செய்தும் இறங்கவில்லை என்றால் இனி என்ன செய்வது?

வைகாசியில் ஒரு நாள் அவருக்குக் கால் சுளுக்கு. நான் கூட்டிப்போகிறேன் என்றதற்கு, மாட்டை நீ கூட்டிப்போகாதே என்றார். நீங்கள் மெதுவாக வாருங்கள், நானும் கூட வருகிறேன் என்று கிளம்பினேன். கயிறு அவர் கையில், நான் பக்கத்தில். மெயின் ரோட்டுக்கு வந்து கொஞ்ச தூரம் போனதும் காரி நின்றது. எதிரே டீக்கடை. இழுத்தார், நகரவில்லை. அதட்டினார், காதை ஆட்டிக்கொண்டு நின்றது. தினமும் நிற்கிற இடம் அதற்குத் தெரியாதா?

இதற்குள் டீ மாஸ்டர் வெளியே வந்து, “அண்ணே, இன்னைக்கு லேட்டு. வடை சூடா இருக்கு” என்று இலையில் ரெண்டு உளுந்த வடையும், நுரை தளும்பும் டீயும் நீட்டினார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார், பாவம்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. தெருவென்று பார்க்காமல் கத்தியிருப்பேன். ஏனோ கத்தவில்லை. இலையைக் கையில் வாங்கினேன். ஒரு வடையை எடுத்து நேராகக் காரியின் வாய்க்குக் கொண்டுபோனேன்.

இவர் சுளுக்குக் காலோடு பாய்ந்து வந்து என் கையைத் தட்டிவிட்டார். வடை ரோட்டில் உருண்டது. “ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? எண்ணெய்ப் பலகாரத்தைப் போய் அதுக்குக் குடுக்குற. ஒடம்பு கெட்டுப்போகும் புள்ள” என்றார்.

“அதுக்கு ஆகாதது ஒங்களுக்கு மட்டும் எப்படிங்க ஆகும்?” என்று கேட்டேன். “அதோட ஒடம்பு கெட்டா ஒங்களுக்குப் பதறுது. ஒங்க ஒடம்பு கெட்டா எனக்குப் பதறாதா?”

டீ மாஸ்டர் உள்ளே போய்விட்டார். இவர் தரையில் கிடந்த வடையையே பார்த்துக்கொண்டு நின்றார். டீயைத் தொடாமல், “வா, போவோம்” என்றார். காரியும் ஒரு இழுப்பில் நகர்ந்துவிட்டது. வீட்டு வாசலில் மாட்டைக் கட்டிவிட்டு, “மாட்டுக்கு எப்படியோ, எனக்கும் அப்படியே வச்சுரு” என்றார். என் புருஷன் வாயில் இருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அன்றிலிருந்துதான் உண்மையான நடை. டீக்கடைப் பக்கம் போகாமல், இங்கிட்டு கண்மாய்க் கரை வழியாகப் போனார்கள் இருவரும். மாடு நீந்தினால் இவரும் இறங்கி நீந்தினார். காலையில் கம்பங்கூழோ, ரெண்டு முட்டையோடு கேழ்வரகு அடையோ சாப்பிடாமல் கடைக்குக் கிளம்பமாட்டார். மதியம் சோறு பாதி, கீரையும் காயும் மீதி, மீன் கிடைத்தால் குழம்பு. டீக்குப் பதில் கடையில் சுண்டலும் மோரும். கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு ராத்திரிச் சாப்பாட்டை நேரத்தோடு முடித்துக்கொண்டார். காரி படுக்கும் நேரத்துக்கு இவரும் லைட்டை அணைத்துவிடுவார். சனிக்கிழமை நண்பர்கள் முதலில் கேலி பேசினார்கள், பொண்டாட்டிதாசன் என்றார்கள். “ஆமாய்யா, அதுக்கு என்ன இப்ப” என்று சொல்லிவிட்டு வந்தார். அதைக் கேட்டு எனக்கு அப்படி ஒரு பெருமை.

நடுவில் சறுக்காமல் இல்லை. ஆடியில் ஒரு காதுகுத்து வீட்டில் பிரியாணியைக் கண்டதும் ஆள் மாறிவிட்டார். மறுநாள் அவரே கூடக் கொஞ்ச தூரம் நடந்தார். ஐப்பசியில் நான் அவர் பேண்ட்டை எல்லாம் எடுத்து இடுப்பைப் பிடித்துத் தைத்தேன். பிரித்தே பழகிய கை, பிடித்துத் தைக்கும்போது ஊசி எனக்கு இரண்டு தடவை விரலில் ஏறியது. கண்ணில் தண்ணீர் நின்றால் ஊசி எங்கே தெரியும்? டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மாத்திரையைக் குறைத்து எழுதினார். அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை, இவரும் நிறுத்தவில்லை.

தை வந்தது. அதே ஊர், அதே திடல். டோக்கன் வாங்கினோம், கால்நடை டாக்டர் காரியைச் சோதித்து அனுப்பினார். இவர் மறுகோடிக்குப் போனார். நான் வண்டி மேல் நின்றேன். கைதட்டவெல்லாம் முடியவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மாடு பிடிபட்டாலும் பரவாயில்லை சாமி, மனுஷன் உட்காரக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

காரி வந்தது. ஒரு வீரர் திமிலைத் தொட்டார், ஒரே சுற்றில் உதறிவிட்டது. மைக்கில் “மாடு வெற்றி, மாடு வெற்றி” என்ற குரல். காரி மறுகோடியைத் தாண்டியது. இவர் ஓடினார். முந்தின வருடம் உட்கார்ந்த இடத்தைத் தாண்டினார். அதையும் தாண்டி ஓடினார். பக்கத்தில் ஓடிய இளவட்டங்கள் நின்றுவிட்டார்கள், இவர் நிற்கவில்லை. தைலமரக் காடு தொடங்கும் இடத்தில் காரியின் பக்கவாட்டில் போய், பெயரைச் சொல்லி ஒரு குரல் கொடுத்து, கயிற்றை வீசினார். கொம்பில் விழுந்தது. இரண்டு பேரும் புழுதிக்குள் ஒரு சுற்றுச் சுற்றி நின்றார்கள்.

நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். வண்டியில் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, “ஏம்மா அழுகுற, ஒங்க மாடுதான் ஜெயிச்சிருச்சே” என்றார். மாட்டுக்காக அழவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இவர் காரியை நடத்திக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கியது, ஆனால் முகம் தெளிந்திருந்தது. கொழுந்தன் ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொண்டார். இவர் என்னைப் பார்த்து, “மாடு நம்ம வீட்டுலதானே?” என்றார். சிரிப்பும் அழுகையுமாகத் தலையாட்டினேன்.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் நான் நினைக்காதது. காளை வளர்க்கும் ஆண்கள் ஒவ்வொருவராக, யாருக்கும் தெரியாமல், கடையில் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்குகிற சாக்கில் இவரிடம் வந்து விசாரித்தார்கள். என்ன சாப்பிடுகிறீர்கள், எங்கே டெஸ்ட் எடுத்தீர்கள் என்று. இந்த வருடம் காளைகளைச் சோதனைக்குக் கொண்டுபோன அன்றைக்கு, மாடு வளர்ப்பவர்கள் சிலர் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்த் தங்கள் ரத்தத்தையும் கொடுத்துவிட்டு வந்தார்கள். அதில் ஒருவருக்குப் பிரஷர் இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. இவர் மண்ணில் உட்கார்ந்த அன்றைக்குக் கேலி பேசிச் சிரிக்க வைத்தாரே, அவருக்குத்தான். நல்லவேளை, சீக்கிரமே கண்டுபிடித்தாயிற்று. இப்போது அவரும் விடியலில் மாட்டோடு கண்மாய்க் கரையில் நடக்கிறார்.

தாங்கள் வளர்க்கிற உயிருக்கு எது நல்லது, எது ஆகாது என்று நம் வீட்டு ஆண்களுக்கு நன்றாகவே தெரியும். அந்த உயிர்களின் வரிசையில் தங்கள் உடம்பையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி, அவர்கள் கேட்கும்வரை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும் என்பதைத்தான் அந்த ஒரு வருடம் எனக்குக் கற்றுக்கொடுத்தது.