பெண் பார்க்க வந்தவர் கொண்டுவந்த பேலன்ஸ் ஷீட்

எழுபதுகளின் நடுவில், ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அரக்கோணத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில் இருந்தது. கூடத்தில் பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருக்கும். அப்பா அன்று நெசவை நிறுத்திவிட்டுத் தறியின் மேல் வெள்ளை வேட்டி ஒன்றைப் போர்த்தியிருந்தார். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, கல்யாணமான அக்கா என்று நான்கு பேர் வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. அவருடைய அப்பா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். கொடி காட்டிப் பழகிய கையல்லவா, பேசும்போதெல்லாம் அது மேலும் கீழும் போய்வந்தது.

கேசரியும் பஜ்ஜியும் கொடுத்துவிட்டு, விழுந்து கும்பிட்டு எழுந்தேன். மாப்பிள்ளையின் அம்மா வாயெடுப்பதற்குள் ஸ்டேஷன் மாஸ்டர் முந்திக்கொண்டார்.

"பொண்ணு பி.காம் படிச்சிருக்குதாமே?"

"ஆமாங்க. மெட்ராஸ்ல சித்தி வீட்ல தங்கிப் படிச்சுது. ஃபர்ஸ்ட் கிளாஸ்," என்றார் அப்பா.

"அப்போ இதக் கொஞ்சம் பாருமா." துணிப்பையிலிருந்து மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

அது ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கை. அம்பத்தூரில் மேஜை ஃபேன் செய்கிற சின்ன கம்பெனி; ஆனால் பொதுமக்களுக்கு ஷேர் விற்ற கம்பெனி. ரிட்டையர் ஆனபோது வந்த பணத்தில் கொஞ்சத்தை எடுத்து, பத்து ரூபாய் ஷேரைப் பதினெட்டு ரூபாய் கொடுத்து வாங்கிப் போட்டிருந்தார்.

"லாபம் ஏறிக்கினே போவுதுன்னு புரோக்கர் சொல்றாரு. எனக்கு ரயில் வர்ற நேரம் தெரியும், இந்தக் கணக்கு தெரியாது. கம்பெனி நல்லா இருக்குதா, இல்லியா?"

"ஏங்க, பொண்ணு பாக்க வந்த எடத்துல..." என்று அவருடைய மனைவி இழுத்தார்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. கல்லூரியில் நான் கணக்குப் போட்ட கம்பெனிகளுக்கெல்லாம் 'அ', 'ஆ' என்றுதான் பெயர். இப்போது நிஜமான கம்பெனி ஒன்று என் கைக்கு வந்திருந்தது. பட்டுப்புடவையோடு பாயில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். சமையலறை வாசலிலிருந்து அம்மா கண்ணாலேயே அதட்டியதைப் பார்த்தும் பாராததுபோல் பக்கத்தைப் புரட்டினேன்.

லாபம் கூடியிருந்தது உண்மைதான். ஆனால் கம்பெனியின் கையில் காசில்லை. கிடங்கில் விற்காத ஃபேன்கள் முந்தைய வருஷத்தைப்போல் இரண்டு மடங்கு இருந்தன. சரக்கெடுத்த ஏஜெண்டுகள் தர வேண்டிய பாக்கி அதைவிட வேகமாக ஏறியிருந்தது. பாங்க் கடனும் ஏறியிருந்தது. ஷேர்காரர்களுக்கு லாபப் பங்காக டிவிடெண்ட் கொடுத்ததே கடனிலிருந்துதான் என்று எனக்குப் பட்டது.

"லாபம் இருக்குதுங்க, பணம் இல்ல," என்றேன்.

"அதெப்படிமா?"

தறியைக் காட்டினேன். "எங்கப்பா நெய்யற சேலையில பாதி அலமாரியிலயே கெடக்குது, மீதிய கடைக்காரர் கடனுக்கு எடுத்துக்கினு போயிட்டாருன்னு வைங்க. நோட்டுல லாபம்னு எழுதிக்கலாம். ஆனா மறுபடி பட்டு வாங்க, ஜரிகை வாங்க, கடன்தான் வாங்கணும்."

"அது லாபமா? வயித்தெரிச்சல்பா!" என்று அப்பா தன்னை மறந்து கத்தினார். கூடமே சிரித்தது.

அந்தச் சிரிப்பு எனக்குத் தலைக்கேறிவிட்டது. "இவ்ளோ ஃபேன் தேங்கிப்போன கம்பெனி தேறாதுங்க," என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன்.

அதுவரை பஜ்ஜியையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "கணக்கு மார்ச் கடைசியில முடியுதுங்க. ஃபேன் விக்கறது ஏப்ரல், மே. மார்ச்ல கெடங்கு ரொம்பித்தான இருக்கும்?"

அப்போதுதான் அவரை நிமிர்ந்து முழுசாகப் பார்த்தேன். காது கொஞ்சம் பெரிசு. மீசையில் ஒரு பக்கம் சற்று ஏறியிருந்தது. ஆனால் கேட்டது சரியான கேள்வி. எனக்கு வெட்கம் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"போன வருஷமும் மார்ச்லதான முடிஞ்சுது? அப்ப இதுல பாதிதான இருந்தது?"

"இந்த வருஷம் புது மாடல் போட்டிருக்காங்க. முன்பக்கத்துல எழுதியிருக்குது, பாருங்க."

அவரும் அந்த அறிக்கையைப் படித்திருக்கிறார்!

"சரி, ஏஜெண்டுங்க பாக்கி?"

"அது இடிக்குதுதாங்க," என்று அவரும் சிரித்துவிட்டார்.

"ரெண்டு பேரும் நாங்க இருக்கறதையே மறந்துட்டீங்களா?" என்றார் அவருடைய அக்கா.

ஸ்டேஷன் மாஸ்டர் விடவில்லை. "ஷேரு என்னதாம்மா பெறும்?"

மாப்பிள்ளை பேனாவை நீட்டினார். அறிக்கையின் ஓரத்திலேயே கணக்குப் போட்டேன். கம்பெனியின் சொத்தில் கடனைக் கழித்து மிச்சத்தை ஷேர்களுக்குப் பங்கிட்டால், ஒன்றுக்குப் பதிமூன்று ரூபாய் வந்தது. வருஷ லாபத்தைப் பங்கிட்டு, இந்த மாதிரிக் கம்பெனிக்கு எட்டு வருஷ லாபத்துக்கு மேல் விலை கொடுக்கக்கூடாது என்று வைத்துப் பார்த்தால் பன்னிரண்டு.

"பன்னெண்டு ரூபாங்க. பாக்கி வசூலானா பதிமூணு. பதினெட்டு ஜாஸ்தி."

ஸ்டேஷன் மாஸ்டரின் கை அந்தரத்தில் நின்றது. கொஞ்ச நேரத்தில், ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்கள்.

அம்மா பிடித்துக்கொண்டாள். "பதினெட்டு ரூபா போட்ட மனுசன் மூஞ்சியைப் பாத்து பன்னெண்டுன்றியேடி! இருபதுன்னு சொன்னா வாய்ல இருந்து முத்தா உதிர்ந்துடும்?"

அவர்கள் எழுதவில்லை. ஒருநாள் காலையில் ஸ்டேஷன் மாஸ்டரே வந்து நின்றார். எதற்கோ தயாராகி அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஷேர் வச்சிருக்கறவங்க மீட்டிங் மெட்ராஸ்ல நடக்கப் போவுதுமா. அந்தப் பாக்கிய பத்தி நான் கேட்டே ஆவணும். என்ன கேக்கணும்னு நீ பக்கத்துல இருந்து சொல்லு."

"நிச்சயமே ஆவல, அதுக்குள்ள ஊர்வலமா?" என்றாள் அம்மா. ஆனால் மீட்டிங் அன்றைக்கு முதல் ஆளாகப் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் பிடித்தது அவள்தான். மெட்ராஸில் மாப்பிள்ளை வீட்டார் எங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

மீட்டிங் ஒரு சின்ன ஹாலில் நடந்தது. மேடை முழுக்கக் கம்பெனியின் ஃபேன்களை வரிசையாக வைத்து ஓடவிட்டிருந்தார்கள். தலைவர் கணக்கை வாசிக்க எழுந்ததும் காகிதங்கள் பறந்து முன்வரிசையில் விழுந்தன. "ஃபேன் நல்லா ஓடுதுபா!" என்று யாரோ கத்த, ஹாலே குலுங்கியது. ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்தார். "ஏஜெண்டுங்க பாக்கி..." என்று தொடங்கியவர், மேற்கொண்டு மறந்துபோய் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அடுத்தது என்ன?" நான் முணுமுணுத்தேன். ஃபேன் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "சத்தமா சொல்லுமா!"

"அந்தப் பொண்ணே கேக்கட்டும்," என்றார் தலைவர்.

எழுந்தேன். "வர வேண்டிய பாக்கியில, அதிகமா தர வேண்டிய ஏஜெண்டு ஒருத்தரோட பங்கு மட்டும் எவ்வளவு? மார்ச்ல கெடங்குல இருந்த ஃபேனுங்க இப்ப எவ்வளவு வித்திருக்குது?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து கேட்டார். பாக்கியில் கிட்டத்தட்டப் பாதி வடக்கே ஓர் ஏஜெண்டிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது, வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம் என்று ஒளிக்காமல் சொன்னார். ஃபேன்கள் கோடையிலேயே ஏறக்குறைய எல்லாம் விற்றுவிட்டனவாம்.

"நான் சொன்னேன்ல, வித்துப்போச்சு," என்று பின்வரிசையிலிருந்து மாப்பிள்ளை கிசுகிசுத்தார்.

"நான் சொன்னேன்ல, பாக்கி வரல," என்றேன் திரும்பாமலே. அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

மீட்டிங்கில் வெளிவந்த விஷயம் பரவி, சில வாரங்களில் ஷேர் ஒன்பது ரூபாய்க்கு இறங்கிவிட்டது. கல்யாணப் பேச்சும் இதோடு முடிந்தது என்றே எங்கள் வீட்டில் நினைத்தோம். அந்த நேரத்தில்தான் அரக்கோணத்துக்காரர்கள் தாம்பூலத் தட்டோடு வந்து இறங்கினார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் முகமெல்லாம் பல்லாக இருந்தார்.

"இன்னொரு மடங்கு வாங்கிப் போட்டுட்டேன்மா! பன்னெண்டு ரூபா பொருளு ஒம்பதுக்குக் கெடைக்குது, உடுவனா? நீதான சொன்ன?"

அந்தப் பாக்கி வராவிட்டால் ஷேர் பன்னிரண்டும் பெறாதே! நாங்கள் சிவனைக் கும்பிடுகிறவர்கள். இருந்தாலும் பக்கத்திலிருக்கிற வரதராஜப் பெருமாளிடமும் போய், அந்த வடக்கத்தி ஏஜெண்டுக்கு நல்ல புத்தி கொடு என்று வேண்டிக்கொண்டேன்.

தை மாதம் கல்யாணம். தாலி கட்டி முடித்து, மாலை மாற்றிக்கொண்டிருந்தோம். மேளச் சத்தத்துக்கு நடுவே மாமனார் ஆட்களை விலக்கிக்கொண்டு மணவறைக்கு வந்து, என் காதருகே குனிந்தார்.

"ஏஜெண்டு பாதிப் பாக்கிய கட்டிட்டானாம்மா! இப்பதான் புரோக்கர் வந்து சொன்னாரு!"

மணப்பெண் என்பதையும் மறந்து ஹாஹாவென்று சிரித்துவிட்டேன். ஐயர் திகைத்துப் பார்த்தார். "என்ன?" என்றார் இவர். சொன்னேன். இவரும் சிரித்தார். பொண்ணுக்கு என்ன ஆச்சு என்று யாரோ கேட்க, மாமியார் தலையில் கைவைத்துக்கொண்டு, "இது குடும்ப வியாதி" என்றார்.

அடுத்த கோடையில் வெயில் கொளுத்தியது, ஃபேன்கள் பறந்தன, ஷேர் பதினான்கைத் தொட்டது. மாமனார் பாதியை விற்றார். மீதியையும் விற்றுவிடலாமா என்று, அடுத்த ஆண்டறிக்கை வந்த அன்று நாங்கள் மூன்று பேரும் அரக்கோணம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சண்டை போட்டோம். விற்கலாம் என்றேன் நான். இன்னொரு கோடை பார்க்கலாம் என்றார் இவர். அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. யாரும் எழுந்துபோகவில்லை.