கையெழுத்துக்கு முன் ஒரு பாதை

எங்கள் ஊராட்சியைப் பக்கத்துப் பேரூராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்று 2003-இல் தாக்கீது வந்தபோது அதிகம் சந்தோஷப்பட்டவன் நான்தான். நான் ஊராட்சி எழுத்தர். சேர்ந்தால் எனக்குப் பெரிய ஆபீஸ், தலைக்கு மேல் மின்விசிறி. பதவி போகப்போவது தலைவர் கொளஞ்சியம்மாளுக்கு.

வெங்காயக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவர், எங்கள் ஊரைத் தாழ்த்தப்பட்டோருக்கான தனி ஊராட்சியாக ஒதுக்கியதால் தலைவரானார். கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அதனால் எதையும் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போடுவார். என் உயிரை வாங்குவார்.

சேர்ப்புத் தீர்மானத்தையும் இரண்டு முறை கேட்டார். பிறகு பேனாவை மூடினார். தங்கள் காலனிக்கு மயானப் பாதை வந்தால் கையெழுத்து, இல்லையென்றால் இல்லை என்றார். கணக்கில் பாதைப் புறம்போக்கு இருந்தது. பக்கத்து நிலத்துக்காரர் ஆண்டவர் என்பவர் அதையும் தன் காட்டோடு சேர்த்து உழுதிருந்தார். அவர் மனசு வைத்தால் பிணம் வரப்பில் போகலாம். இல்லையென்றால் மெயின்ரோட்டில் சுற்றி மூன்று மைல். அதிகாரிகள் நயமாகவும் பேசிப் பார்த்தார்கள், அதட்டியும் பார்த்தார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற அம்மா என்று நானும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஒரு வருஷம் இழுத்தது.

ஐப்பசியில் அவர் கணவர் உத்திராபதி இறந்துபோனார். ஆண்டவரே வீடு தேடி வந்து, தலைவர் வீட்டுச் சாவு என் காட்டு வழியே போகட்டும், தடையில்லை என்றார்.

"எங்க வூட்டுக்கு மட்டும்னா வேணாங்க. எல்லாருக்கும்னு சொல்லுங்க, இப்பவே தூக்கச் சொல்றேன்" என்றார் கொளஞ்சியம்மாள்.

ஆண்டவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று திங்கட்கிழமை. மெயின்ரோட்டில் சிறுவாச்சூர் கோயிலுக்குப் போகிற வண்டிகளெல்லாம் பாடைக்குப் பின்னால் ஊர்ந்தன. பேரூராட்சி ஆபீசுக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் என்னைக் கூப்பிட்டு யார் சாவு என்று கேட்டார். சொல்ல வெட்கமாக இருந்தது.

அத்தனை பேரும் பார்த்துவிட்ட பிறகு, பதினைந்தாம் நாள் பாதையை அளக்கச் சர்வேயர் சங்கிலியோடு வந்தார். மாசியில் செம்மண் பாதை முடிந்தது. தீர்மானத்தை மறுபடி இரண்டு முறை வாசித்தேன், கையெழுத்துப் போட்டார். எனக்கு மின்விசிறி கிடைத்தது. அவர் களைவெட்டைத் தூக்கிக்கொண்டு பழைய வேலைக்கே போனார். ஆண்டவர் காட்டுக்கு மட்டும் போகவில்லை.

வருஷத் திதியன்று அந்தப் பாதையில் பால் செம்போடு நடந்தார். நானும் கூடப் போனேன். புதைத்த மேட்டில் பாலை ஊற்றினார். பிறகு, நான் பக்கத்தில் இருப்பதை மறந்தவர் போல, மண்ணைப் பார்த்துச் சொன்னார்:

"ஒன்னைய சுத்தி அனுப்பிட்டேன். நான் நேரா வந்துருவேன்."