காப்பி எழுதினவள்

எங்கள் பல்கலைக்கழகத்தில் எழுத்துத் துறை என்று ஒன்று இருப்பதைச் சொன்னால் பாகூரில் என் சொந்தக்காரர்களே சிரிப்பார்கள். "எழுதக் கத்துக்கத்தான் ஒண்ணாங்கிளாஸ் இருக்கே, அதுக்கு இன்னாத்துக்கு யுனிவர்சிட்டி?" என்று சித்தப்பா ஒருமுறை கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன். விட்டால் அடுத்து சம்பளத்தைக் கேட்பார்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுப்பது துறையின் வேலை. திணறுகிற பிள்ளைகளை அனுப்பிவைக்க ஓர் உதவி மையம். அந்த மையத்தில் ஒப்பந்தத்தில் உட்கார்ந்திருப்பவள் நான். வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டிய அறை அது. முன்பு உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்தார்கள். மழை பெய்தால் இன்றைக்கும் பழைய மரத்தின் நாற்றம் வரும். அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. பிள்ளைகளின் தாளில் என் பேனா படக் கூடாது. "இங்க நீ என்ன சொல்ல வர்ற?" என்று கேட்கலாம். திருத்துவது அவர்கள் கையாகத்தான் இருக்க வேண்டும். நல்ல சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன்.

அவள் காட்டேரிக்குப்பத்திலிருந்து வந்த பெண். கடைசி வருஷம். அம்மா கரும்பு வெட்டுக்குப் போகிறவர். முடித்ததும் பி.எட். சேர்ந்து டீச்சர் ஆக வேண்டும் என்பதுதான் அவளுக்கு நினைப்பெல்லாம். வீட்டில் அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டிருந்தான். "இந்த வருஷம் பாஸ் பண்ணிட்டா படிக்க வெப்பாங்க மிஸ். ஒரு பேப்பர் போச்சுன்னாலும் கம்பெனி வேலதான். திருபுவனைல சொல்லி வச்சிருக்கான்" என்று என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

உழைப்பில் கழிந்த ஒரு நாளைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். அம்மாவுடன் கரும்புக் கொல்லைக்குப் போன நாளை எழுதிக்கொண்டு வந்தாள். கரும்புச் சோகை கிழித்த கையோடு மதியம் ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டால் எப்படி எரியும் என்று ஒரு வரி. இலக்கணம் படுமோசம். ஆனால் அந்த வரியைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. பத்து வருஷமாக எழுத்து சொல்லிக்கொடுக்கிறேன், அப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை.

அவளுக்கு ஒரு வழக்கம். முதலில் ரஃப். அதில் அடித்துத் திருத்தி, அதைப் பார்த்து ஃபேர் காப்பி. ஃபேர் காப்பியில் ஓர் அடித்தல் விழுந்தாலும் மறுபடி முதலிலிருந்து இன்னொன்று.

"இன்னாடி இது, எத்தினி வாட்டி எழுதுவ? கை வலிக்கல?"

"எங்க ஸ்கூல்ல அடித்தல் இருந்தா டீச்சர் கிழிச்சுப் போட்டுடுவாங்க மிஸ். காப்பி நீட்டா இருக்கணும்."

லேப்டாப் கிடையாது. வில்லியனூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் கையெழுத்துக் காப்பியைக் கொடுத்து டைப் அடித்து, அங்கேயே கம்ப்யூட்டரில் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றிவிடச் சொல்வாள். இந்த முறை கடைக்காரர் டைப் அடித்ததை உடனே ஏற்றாமல் அப்படியே வைத்திருந்திருக்கிறார். அவள் வகுப்பிலேயே படித்த ஒரு பையன், நிலபுலன் உள்ள குடும்பம், அதே கடைக்குப் போய் ரெடியாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறான். அவள் கட்டுரை அவன் பெயரில் முந்திப் போய்விட்டது. அப்புறம் அவளுடையது போனது. ஒரே மாதிரிக் கட்டுரைகளைக் கண்டுபிடிக்கிற மெஷினுக்கு முந்தினவன் சொந்தக்காரன், பிந்தினவள் திருடி.

அடக் கொடுமையே, அந்தப் பையன் 'என் அம்மா கரும்பு வெட்டுவாள்' என்பதைக்கூட மாற்றவில்லை. அவன் அம்மா காரை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவன் மறைக்கக்கூட மெனக்கெடவில்லை.

அவளிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதிலை ஆங்கிலத்தில் எழுத வேண்டும், அன்றைக்கே ஆபீசில் கொடுக்க வேண்டும். எழுதிக்கொண்டு நேராக என்னிடம் ஓடி வந்தாள். விசாரணையில் இருக்கும் எந்தத் தாளையும் மையம் பார்க்கக் கூடாது என்று சுற்றறிக்கை இருந்தது. அவளை உட்காரச் சொல்லிவிட்டு அனுமதி கேட்கத் துறைத் தலைவரிடம் போனேன்.

"தொடக் கூடாது மேடம். ரூல்."

"திருத்த மாட்டேன் சார். படிச்சு மட்டும் பாக்கறேன்."

"படிக்கிறதும் தொடுறதுதான்."

அரை மணி நேரம் மன்றாடினேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் அவர், பூசாரியும் அவர். திரும்பி வந்தால் அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஆபீஸ் மூடப்போகிறது என்று யாரோ சொன்னார்களாம்.

"குடுத்துட்டேன் மிஸ். ஒண்ணுகூட மறைக்காம உண்மைய எழுதிட்டேன்" என்றாள். முகம் தெளிவாக இருந்தது.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். தலைவரும், தமிழ் தெரியாத வெளியூர்ப் பேராசிரியர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நின்றாள். அந்த ரஃபை என் கண்ணால் பார்த்தேன், ஊறுகாய் வரியை அவள் அடித்துத் திருத்தும்போது பக்கத்தில் இருந்தேன், அந்தப் பையன் வீட்டில் யாரும் கரும்பு வெட்டுவதில்லை என்று சொன்னேன். பேராசிரியர் அவள் கடிதத்தை என் பக்கம் தள்ளினார். ஒரு வரியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. 'ஐ காப்பிட் தி எஸ்ஸே டூ டைம்ஸ், சார்.'

ரெண்டு வாட்டி காப்பி எழுதினேன் என்கிறாள் பாவி. தமிழில் காப்பி எழுதுவது வேறு, காப்பி அடிப்பது வேறு. ஒன்று உழைப்பு, இன்னொன்று திருட்டு. இங்கிலீஷ்காரன் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டுப் போய்விட்டான். இதை அந்தப் பேராசிரியருக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது சாக்கு மாதிரி கேட்டது. ரஃபைக் காட்டச் சொன்னார். அதை வைத்து அவள் வீட்டில் அடுப்பு பற்றவைத்துவிட்டார்கள். ஃபேர் காப்பி கடையிலேயே தங்கிவிட்டது. கடைக்காரர் அவளைத் தெரியவே தெரியாது என்றுவிட்டார்.

தலைவர் விழுப்புரம் பக்கத்துக்காரர். அவருக்குப் புரியாமல் இருக்குமா? நன்றாகப் புரிந்தது. அதனால்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. "தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க. ரெக்கார்டுல ஏறிடுச்சு மேடம், நான் இன்னா பண்ணட்டும்?" என்று தமிழில் மெதுவாகச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் இன்னா மிஸ் தப்பா எழுதிட்டேன்?" என்றாள். விளக்கினேன்.

"அடிச்சேன்னு எழுதலயே மிஸ் நானு" என்றாள்.

பேப்பர் ரத்தானது, வருஷம் போனது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்தப் பையன் பட்டம் வாங்கி மேடையில் போட்டோ எடுத்துக்கொண்டான். நான் மேலே ஒரு மனு எழுதினேன். மையத்தில் இருப்பவர் மாணவர் சார்பாக எழுதக் கூடாது என்று பதில் வந்தது.

போன மாசம் வில்லியனூர் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். நீலக் கோட்டு, கழுத்தில் கம்பெனி அட்டை. இளைத்திருந்தாள். என்னைக் கண்டதும் அவள்தான் ஓடி வந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"எப்படிம்மா இருக்க? இன்னா வேல குடுத்துருக்காங்க?"

"டப்பா மேல நம்பர் போட்டுருக்கும் மிஸ். அத அப்படியே அட்டையில பாத்து எழுதணும். நாள் பூரா அதான்." கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தது. ஏறப்போனவள் திரும்பிச் சிரித்தாள். "சூப்பர்வைசர் மெச்சிக்கிறாரு மிஸ், ஒரு அடித்தல் இல்லாம காப்பி பண்றியேன்னு."