எதிரே ஒன்றும் இல்லாத பிள்ளை

பேனா மூடி, ஸ்டேப்ளர், யாருடையதோ ஒரு வண்டிச்சாவி ஆகிய மூன்றையும் மேசைமேல் வரிசையாக நிறுத்திவிட்டு, அவற்றுக்கு எதிரே குனிந்து உட்கார்ந்திருக்கிறார். மூன்றும் தற்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். விரித்த கைக்குட்டைதான் பேருந்து. அடுத்தவர் எழுதிய கணினி நிரலைப் படித்துப் பார்த்து ஒப்புதல் தருவது இவர் வேலை. திரையில் படித்தால் மண்டையில் ஏறாதாம். அதனால் பிள்ளைகளைக் கையாலேயே ஏற்றி இறக்குகிறார். சாவிக்குச் சொந்தக்காரர் வாசலில் பைகளைத் துழாவிக்கொண்டிருக்கிறார்.

அலுவலகத்தில் இவருக்குப் 'புரியல அண்ணன்' என்று பெயர். எதைக் காட்டினாலும் வாயில் வரும் முதல் சொல் அதுதான். நடிக்கிறார் என்று ஒரு கட்சி, நிஜமாகவே புரியவில்லை என்று இன்னொரு கட்சி. அவரையே கேட்டால், "அதுதான் எனக்கும் புரியலப்பா" என்பார். விளக்கம் சொல்லப் போனவர்கள், பாதியில் தங்கள் பிழை தங்களுக்கே தென்பட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு தங்கள் இடத்துக்கு ஓடியிருக்கிறார்கள். இவருக்கு எதற்குச் சம்பளம் தருகிறோம் என்று நிர்வாகத்துக்கும் விளங்கவில்லை. நிறுத்தவும் துணிச்சல் வரவில்லை.

இன்றைய நிரல் சின்னது. பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் கைபேசியில், ஏறிய பிள்ளைகளில் இன்னும் இறங்காதவர்களை மட்டும் வடிகட்டிக் காட்ட வேண்டும். பட்டியல் காலியானால் வண்டியைப் பூட்டிவிட்டுப் போகலாம். எழுதியவர், மகள் பிறந்தபின் சில காலம் வீட்டிலிருந்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்திருக்கும் பெண். இன்று மாலைக்குள் இது ஒப்புதல் பெற்றுச் சேர்ந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மேலாளர் "பார்க்கலாம்" என்பார். அவர் பார்க்கலாம் என்று சொன்ன எதையும் அதன்பின் யாரும் பார்த்ததில்லை.

"புரியலம்மா. இவன் பேருக்கு எதிர்ல ஏறினான்னும் இல்ல, இறங்கினான்னும் இல்ல. இவன் எங்க?"

"யாருண்ணா?"

"இந்த ஸ்டேப்ளர்."

"ஒண்ணும் இல்லன்னா லீவு. வண்டியிலயே ஏறல."

"ஏறினான். ஏத்திவிட்ட ஆயாம்மா பட்டனை அமுக்க மறந்துட்டாங்க. பின் சீட்ல படுத்துத் தூங்கறான். உன் ஃபில்டர் இவனைத் தூக்கி வெளிய போட்டுடுது. லிஸ்ட் காலி. டிரைவர் பூட்டிட்டுப் போயிடுவாரே."

அந்தப் பெண் ஸ்டேப்ளரையே பார்க்கிறார். "அப்போ ஒண்ணும் இல்லாதவங்களையும் லிஸ்ட்ல வெச்சுடறேன்."

"அதுவும் புரியல. லீவு போட்டதெல்லாம் தினம் லிஸ்ட்ல நின்னா, டிரைவர் அதைப் பார்க்கறதையே விட்டுடுவாரு."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேலாளர் வந்து நிற்கிறார். "என்ன தலைவா, நாலு வரிக்கு நாள் பூராவா? பையன் லீவா, வண்டியிலயா?"

"தெரியல சார்."

"நீ சொல்லும்மா."

"இப்போ எனக்கும் தெரியல சார்."

மேலாளர் ஸ்டேப்ளரை எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார். "அப்போ இவன் எங்கதான் இருக்கான்?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

பிறகு அந்தப் பெண், "ஏண்ணா, தெரியலன்னே டிரைவர்கிட்ட சொல்லிட்டா என்ன?" என்கிறார். பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறார். குறி இல்லாதவர்கள் கீழே, 'தெரியவில்லை' என்ற தலைப்பில் தனியாக. ஓட்டுநர் கடைசி இருக்கை வரை போய்ப் பார்த்துவிட்டு, 'பார்த்துவிட்டேன்' என்று அமுக்கினால்தான் பட்டியல் மூடும்.

"தினம் யாராவது லீவு போடுவாங்களே. அவர் தினம் நடக்கணுமே," என்கிறார் மேலாளர்.

"நடக்கட்டும் சார்."

அண்ணன் விரலைத் திரையில் வைத்து வரிவரியாக இழுக்கிறார். "பார்க்காமலே அமுக்கிட்டா?"

"அதுக்கு ஃபில்டர் என்ன பண்ணும் தலைவா? அது அந்த மனுஷன் சமாச்சாரம்."

அது அண்ணனுக்குச் சமாதானமாகவில்லை என்பது முகத்திலேயே தெரிகிறது. ஆனாலும் ஒப்புதலை அமுக்குகிறார். "காலைல வந்து ஆர்டர் வாங்கிக்கோம்மா," என்று மேலாளர் நடக்கத் தொடங்குகிறார். அந்தப் பெண் விட்ட மூச்சில் கைக்குட்டையின் ஓரம் ஆடுகிறது.

மூவரும் ஒரே லிஃப்டில் இறங்குகிறார்கள். கீழ்த்தளத்தில் கதவு திறந்ததும் மேலாளரும் அந்தப் பெண்ணும் பேசியபடியே வெளியேறுகிறார்கள். அண்ணன் வெளியே வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டு, மூட வந்த கதவை ஒரு கையால் பிடித்தபடி, காலி லிஃப்டின் மூலைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்.